சிறுநீரக நோயாளிக்குக் கொழுப்பும் கூடினால் என்ன உண்பது?

சிறுநீரகம் பழுதுபட்ட ஒருவருக்கு இரத்தத்தில் கொழுப்பும் கூடியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? உடனே கறியை நிறுத்துகிறோம். பதிலுக்கு இளநீர், பாதாம், பேரீச்சம்பழம், கீரைச்சாறு என்று பாசத்தோடு கொண்டுவந்து கொடுக்கிறோம். கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' தேடி வாங்குகிறோம். எல்லாம் இதயத்திற்கு நல்லது என்று கேள்விப்பட்டவைதான். ஆனால் சிறுநீரக நோயாளிக்கு இவையே ஆபத்தாகிவிடலாம்.

காரணம் பொட்டாசியம். மேலே சொன்ன உணவுகளில் அது அதிகம். சோடியம் குறைந்த உப்பில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்க்கப்படுவதும் பொட்டாசியம்தான். பழுதுபட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் போகும்போது, இரத்தத்தில் அளவு ஏறி இதயத்துடிப்பே தடுமாறும்.

அதற்காகக் கொழுப்பைக் கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது. சிறுநீரக நோயாளிகளில் பலரின் உயிரைப் பறிப்பது இதய நோய்தான். ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

உணவில்: முதலில் குறைக்க வேண்டியவை நெய்ச்சோறு, வனஸ்பதி, பொரித்த பண்டங்கள், ஆட்டுக் கொழுப்பு, ஈரல், மூளை, கெட்டியான தேங்காய்ப்பால் குழம்பு ஆகியவை. தோல் நீக்கிய கோழி, மீன், முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவற்றை அளவோடு உண்ணலாம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

புரதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். டயாலிசிஸ் செய்யாதவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 48 கிராம். டயாலிசிஸ் செய்பவருக்கோ கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. அவருக்குக் கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தினால் உடல் மெலிந்து பலவீனமாகிவிடுவார்.

பொட்டாசியம் கூடியவர்களுக்குக் காய்கறியைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமையுங்கள். எல்லா நோயாளிகளுக்கும் இந்தக் கட்டுப்பாடு தேவைப்படாது. இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்வார்.

உடற்பயிற்சியில்: வாரத்தில் 5 நாட்கள், 30 நிமிட நடை போதுமானது. முடியாதவர்கள் 10 நிமிடங்களில் தொடங்கலாம். பள்ளிவாசலுக்கு வண்டியில் போகாமல் நடந்து போவதும் நல்ல தொடக்கம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்து களைப்பாக இருந்தால் ஓய்வெடுக்கலாம். அதற்காக ஊசி போடும் கையால் பாரம் தூக்கக் கூடாது.

மருந்தில்: உணவும் நடையும் மாத்திரைக்கு மாற்று அல்ல. 2011-இல் வெளியான 'ஷார்ப்' ஆய்வில் 9,000-க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகள் பங்கேற்றனர். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 17 சதவீதம் குறைந்திருந்தன. எனவே கொழுப்பு குறைந்துவிட்டது என்று நாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எதை, எவ்வளவு கொடுக்கலாம் என்று அவர் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நோயாளியின் தட்டில் உணவு வைப்பவர் அவர்தானே!