பணியிட அமைதியும் ஊக்கக் குறைவும்: ஒரு விளக்கம்

முன்னுரை

பணியாளர்கள் குறை கூறவில்லை எனில் அவர்கள் மனநிறைவுடன் இருக்கின்றனர் எனக் கருதும் நிருவாகங்கள் பல. அக்கருத்துப் பிழையானது என்பதைத் தம் பணி அனுபவம் ஒன்றையும் அறிஞர் இருவரின் ஆய்வுகளையும் துணைக்கொண்டு இக்கட்டுரையாளர் விளக்க முற்படுகிறார்.

ஓர் அனுபவம்

முனைவர் பட்ட ஆய்வுக்காக வெளிநாடு செல்லும் முன்னர், இக்கட்டுரையாளர் தனியார் கல்லூரி ஒன்றில் பணியாற்றினார். அங்குக் கால அட்டவணை அடிக்கடி மாறும். முந்திய நாள் மாலையில்தான் சுற்றறிக்கை வரும். வாரந்தோறும் எழுதிய அறிக்கைகளுக்கு மறுமொழி வந்ததில்லை. கூட்டம் ஒன்றில் மூத்த விரிவுரையாளர் ஒருவர் இவற்றைப் பணிவுடன் சுட்டிக்காட்டினார். அடுத்த பருவத்தில் சனிக்கிழமை வகுப்புகள் அனைத்தும் அவருக்கே ஒதுக்கப்பட்டன. அதன்பின் கூட்டங்களில் எவரும் வாய் திறக்கவில்லை. ஆண்டிறுதியில் அவர் விலகினார். மேலும் மூவர் அவரைத் தொடர்ந்தனர். நிருவாகம் ஊதியத்தைச் சிறிது உயர்த்தியது. முணுமுணுப்புக் குறைந்தது, ஈடுபாடு திரும்பவில்லை.

ஊதியமும் ஊக்கமும்

இதற்கான காரணத்தை அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கின் ஆய்வு தெளிவுபடுத்துகிறது. பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் பொறியாளர், கணக்காளர் ஏறத்தாழ 200 பேரை நேர்கண்டு, அவரும் அவர்தம் குழுவினரும் 1959இல் முடிவுகளை வெளியிட்டனர். பணியில் வெறுப்பை விளைவிப்பவற்றுள் நிறுவனக் கொள்கையும் நிருவாக முறையும் மேற்பார்வையும் முதன்மையானவை. நிறைவளிப்பவையோ சாதனை, அங்கீகாரம், பொறுப்பு முதலியன. வெறுப்பின் காரணங்களைக் களைந்தால் வெறுப்புத் தணியும். அதனால் மட்டும் ஊக்கம் பிறந்துவிடாது.

குரலும் விலகலும்

பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், சீர்கெடும் நிறுவனத்தின்முன் இரு வழிகள் உள்ளன என்றார்: ஒன்று விலகுதல், மற்றொன்று குரலெழுப்புதல். பற்று, விலகலைத் தாமதப்படுத்திக் குரலுக்கு இடமளிக்கிறது. நைஜீரிய இரயில்வேயை அவர் சான்றாகக் காட்டினார். லாரிப் போட்டி வந்தும் இரயில்வே திருந்தவில்லை. தரத்தை வற்புறுத்தக்கூடிய வாடிக்கையாளர்கள் லாரிகளுக்கு மாறிவிட்டனர். எஞ்சியோர் கேள்வி எழுப்பவில்லை. வருவாய் இழப்பை அரசு ஈடுசெய்ததால் இரயில்வேக்கு வலியும் தெரியவில்லை. தரத்தில் அக்கறை மிக்கோரே முதலில் விலகுவர். நிறுவனத்தைத் திருத்த வல்லோரும் அவர்களே. மேற்சொன்ன கல்லூரியிலும் இதுவே நிகழ்ந்தது.

முடிவுரை

அன்று அக்கூட்டத்தில் மூத்தவருக்குத் துணையாக ஒரு சொல்லும் கூறாதவருள் இக்கட்டுரையாளரும் ஒருவர். இன்று கூட்டங்களுக்குத் தலைமையேற்கும் நிலையில், 'கருத்து உண்டா?' என்று கேட்டபின் நிலவும் அமைதியை அவர் இசைவாகக் கொள்வதில்லை. பள்ளியில் பாடக்குழுவை வழிநடத்தும் ஆசிரியர்க்கும் இது பொருந்தும். குறை கூறுபவர் இன்னும் நம்மை விட்டு விலகாதவர். அவருக்கு மறுமொழி அளிப்பதே ஊக்கத்தை மீட்பதற்கான முதற்படியாகும்.