ஏரியும் எண்ணும்

சென்னை மாநகரின் மேற்கே, பூவிருந்தவல்லிக்கு அருகில் உள்ளது செம்பரம்பாக்கம். அவ்வூரின் பெயரால் வழங்கும் பேரேரி, சென்னை மக்களுக்குக் குடிநீர் தரும் நீர்நிலைகளுள் ஒன்று. அதன் முழு ஆழம் 24 அடி. முழுக் கொள்ளளவு 364 கோடியே 50 இலட்சம் கனஅடி. ஏரியிலிருந்து திறந்துவிடப்படும் மிகைநீர் அடையாற்றின் வழியே கடலைச் சேரும்.

மழைக்காலத்தில் இவ்வேரியின் நீர்மட்டத்தை இடைவிடாது அளந்து குறிப்பர். ஒரு நாள் நீர்மட்டம் 21¾ அடி என்று கொள்வோம். ஏரி நிரம்ப இன்னும் எத்தனை அடி உள்ளது? 24-லிருந்து 21¾-ஐக் கழித்தால் விடை கிடைக்கும். மாணவருட் சிலர், 24-ல் 21 போனால் 3 என்று கண்டு, அருகிலிருந்த முக்காலையும் அதனோடு வைத்து, 3¾ அடி என்று எழுதிவிடுவர். அது பிழை. உண்மையான விடை 2¼ அடியே ஆகும்.

இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றரை அடி. சுவடியில் அஃது ஒரு மதிப்பெண்ணோடு போய்விடும். ஏரியில் அவ்வாறு போகாது. மொத்தக் கொள்ளளவை 24-ஆல் வகுத்துப் பார்த்தால், சராசரியாக ஓரடி உயரத்தில் 15 கோடி கனஅடிக்கு மேற்பட்ட நீர் அடங்குவது விளங்கும். ஆகவே ஒன்றரை அடி என்பது 22 கோடி கனஅடிக்கும் மிகுந்த நீர். 2020-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், நிவர் புயலின்போது, நீர்மட்டம் 22 அடியை எட்டியதும் மதகுகள் திறக்கப்பட்டு, முதலில் வினாடிக்கு 1,000 கனஅடி நீர் வெளியேற்றப்பட்டது. அந்த அளவில் 22 கோடி கனஅடி நீர் வெளியேற இரண்டரை நாள் ஆகும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெருமழையின்போது வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டதையும், அடையாற்றின் கரையில் வெள்ளம் புகுந்து மக்கள் உற்ற துயரையும் நாடு நன்கறியும். ஏரியில் எஞ்சியுள்ள இடத்தைச் சரியாக அறிவது எத்துணை இன்றியமையாதது என்பதை இவற்றால் உணரலாம்.

முழு எண்ணும் பின்னமும் சேர்ந்து நிற்பது கலப்புப் பின்னம். 21¾ என்பதை நாம் இருபத்தொன்றேமுக்கால் என்று கூறுகிறோம். இடையில் வரும் ஏகாரம் வீணாக வந்ததன்று. ஒரு பேரளவுப் பெயரோடு அதன் கீழ்ப்பட்ட சிற்றளவுப் பெயர் சேருங்கால் 'ஏ' என்னும் சாரியை தோன்றும் என்றும், அரை என்னும் சொல் வரும்போது அச்சாரியை வாராது என்றும் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் விதித்துள்ளது. அதனாலன்றோ நாம் இன்றும் ஒன்றேகால், ஒன்றேமுக்கால் என்கிறோம். ஒன்றரை என்னும்போது மட்டும் ஏகாரத்தை விட்டுவிடுகிறோம்! இருபத்தொன்றேமுக்கால் என்றால் இருபத்தொன்றும் முக்காலும் என்பது பொருள். ஆதலின் அதனைக் கழிக்கும்போது இருபத்தொன்றையும் கழித்தல் வேண்டும். முக்காலையும் கழித்தல் வேண்டும்.

24-ல் தனியே கால்கள் இல்லையே, முக்காலை எங்ஙனம் கழிப்பது? முழு எண்ணிடம் ஒன்றைக் கடன் வாங்குதல் வேண்டும். பத்து ரூபாய்த் தாளை வைத்திருப்பவன் ஒருவனுக்கு மூன்று ரூபாய் தரவேண்டுமானால் அதனை முதலில் சில்லறையாக மாற்றிக்கொள்கிறான். பணத்தின் மதிப்புக் குறைவதில்லை. அவ்வாறே 24-ஐ, 23-ம் நான்கு கால்களும் என மாற்றுக. 23-ல் 21 போக 2. நான்கு கால்களில் மூன்று போக ஒரு கால். எஞ்சுவது 2¼.

இனி, முதல் எண்ணில் பின்னம் இருந்தும் அது போதாமல் இருக்கலாம். 23¼-லிருந்து 21¾-ஐக் கழிக்க வேண்டும் என்க. காலில் முக்கால் போகாது என்று கண்டவுடன், முக்காலிலிருந்து காலைக் கழித்து அரை என்று எழுதுவோர் உளர். அங்ஙனம் இடம் மாற்றிக் கழித்தல் கூடாது. 23-ல் ஒன்றைக் கடன் வாங்கினால் அது நான்கு கால்களாகும். முன்னுள்ள ஒரு காலோடு சேர்த்து ஐந்து கால்கள். இப்போது 22-ல் 21 போக 1. ஐந்து கால்களில் மூன்று போக இரண்டு கால்கள், அதாவது அரை. விடை 1½.

பின்னங்களின் பகுதிகள் வேறுபட்டிருந்தால், முதலில் அவற்றை ஒரே பகுதியாக்குதல் வேண்டும். 22¼-ல் 20½ போக எவ்வளவு? அரையை இரண்டு கால்களாகக் கொள்க. 22¼ என்பது 21-ம் ஐந்து கால்களும் ஆகும். ஆதலால் விடை 1¾.

இம்முறையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் மனப்பாடம் செய்த கீழ்வாய் இலக்கத்தில் பதினாறில் ஒன்று வீசம். இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. 16, 20, 80 ஆகிய மூன்றும் 320-ஐ மீதியின்றி வகுக்கும் அன்றோ? ஒரு வீசம் 20 முந்திரி. ஒரு மா 16 முந்திரி. எனவே வீசத்தில் ஒரு மா போக எஞ்சுவது 4 முந்திரி; அதுவே ஒரு காணி. பகுதியை ஒன்றாக்கியதும் கணக்கு எளிதாகிவிட்டது காண்க.

கணக்கை முடித்தபின் விடையைச் சோதித்தல் நன்று. எஞ்சியதனோடு கழித்ததைக் கூட்டினால் முதல் எண் வரவேண்டும். 21¾-உடன் 2¼ கூட்டினால் 24 வருகிறது; ஆதலின் விடை சரி. 3¾ கூட்டினாலோ 25½ வரும்; இருபத்துநான்கு அடி ஏரியில் அத்துணை நீர் எங்ஙனம் நிற்கும்? மாணவர்களே, இங்ஙனம் கூட்டிப் பார்க்கும் வழக்கத்தை இப்போதே மேற்கொள்ளுங்கள். அளவுகோலைப் பார்த்துக் கணக்கிடும் பொறுப்பு நாளை உங்களுள் ஒருவருக்கு வரலாம். அன்று கரையோரத்து மக்கள் அக்கணக்கை நம்பி உறங்குவர்.