கூண்டு ஏறாத புயல்: கல்லூரி தடுமாறினால் மாணவர் செய்ய வேண்டியவை

புயல் வந்தால் காரைக்கால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். கல்லூரி தடுமாறும்போது அப்படி எந்தக் கூண்டும் ஏறாது. தனியார் கல்லூரிக்கு முக்கிய வரவு மாணவர் கட்டணம்தான். சேர்க்கை இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து குறைந்தால் சம்பளம் தள்ளிப்போகும், அனுபவமுள்ள ஆசிரியர் விலகுவார், ஆய்வகம் பூட்டியே கிடக்கும். அதன் மேல் 2018 கஜா போல ஒரு புயலும் வந்தால் தாங்காது. அறிகுறிகளை மாணவரும் பெற்றோரும்தான் கவனிக்க வேண்டும்.

சேரும் முன்

கல்லூரி காரைக்காலில் இருப்பதால் மட்டும் மேலிடம் புதுச்சேரி என்று முடிவு செய்யாதீர்கள். இங்குள்ள விநாயகா மிஷன்ஸ் மருத்துவக் கல்லூரி, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது, புகார் எங்கே போகும் என்று முதலிலேயே கேளுங்கள். நாகப்பட்டினம், திருவாரூர் பக்கமிருந்து வருவோருக்கு இது இன்னும் முக்கியம்.

உங்கள் உரிமை

அசல் சான்றிதழைச் சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும்; பிடித்து வைக்கக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பு இதைச் சொல்கிறது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால், சிறு நடைமுறைக் கட்டணம் போகக் கட்டிய பணம் முழுதும் திரும்பும். கடைசி நாள் கடந்து 30 நாளுக்கு மேலானால் எதுவும் கிடைக்காது. ஆகவே தயங்கி நாள் கடத்தாதீர்கள்.

பொறியியல் கல்லூரியைப் படிப்படியாக மூட அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு அனுமதித்தால், புதிய முதலாண்டுச் சேர்க்கைதான் நிற்கும். ஏற்கெனவே படிப்போர் அங்கேயே படித்து முடிக்கலாம்.

முறையிட

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். புகாரை எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால், அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இன்றே செய்ய

மதிப்பெண் பட்டியலை டிஜிலாக்கரில் எடுத்து வையுங்கள். வெள்ளம் அதைத் தொடாது. கட்டண ரசீது ஒவ்வொன்றையும் படமெடுத்து வீட்டார் கைப்பேசிக்கும் அனுப்புங்கள். ரசீது தராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்: நாளை புகார் கொடுக்கும்போது முதலில் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான்.