கூட வாசிக்க ஆள் தேடுவோம்



1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வளர்ந்தது 'புரோகிரஸிவ் ராக்' இசை. இதில் ஒரே பாட்டு இருபது நிமிடம்கூட நீளும். நடுவில் தாளமும் மாறும். தனி ஒருவர் கித்தாரை வைத்துக்கொண்டு இதை வாசித்துவிட முடியாது. கூட்டாளி கிடைக்காமல் கித்தாரை மூலையில் சாத்திவிட்ட பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு.

1967-ல் இங்கிலாந்தின் போர்ன்மத் பகுதியில் ஜைல்ஸ் சகோதரர்கள், பாடவும் ஆர்கன் வாசிக்கவும் தெரிந்தவர் தேவை என்று விளம்பரம் செய்தார்கள். வந்தவர் ராபர்ட் ஃபிரிப். அவருக்கு இரண்டும் வராது, அவர் கித்தார்க்காரர். ஆயினும் சேர்த்துக்கொண்டார்கள். பின்னர் பாடகர் வேண்டியபோது, ஃபிரிப் பயின்ற அதே ஆசிரியரிடம் கித்தார் கற்ற ஊர் நண்பர் கிரெக் லேக் வந்தார். இப்படி உருவான கிங் கிரிம்சன் குழுவின் முதல் இசைத்தட்டு 1969-ல் வெளிவந்து புகழ் பெற்றது.

ஆகவே, வாத்தியத்தை மட்டும் பார்த்து ஆளைத் தள்ளிவிட வேண்டாம். பிங்க் ஃபுளாயிட் குழு 1973-ல் வெளியிட்ட 'மணி' பாடல் பெரும்பாலும் ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. கோயிலில் மிசிரசாப்பு வாசிக்கும் தவில்காரருக்கு அந்த ஏழு புதிதன்று. டிரம் அடிக்க ஆளில்லையே என்று ஏங்குமுன் அவரைக் கேட்போம்.

கடை வாசலில் ஒரு சீட்டு ஒட்டுவோம். என்ன இசை, எந்த நாள், எந்த இடம் என்று தெளிவாக எழுதுவோம். முதல் நாள் ஒரு சிறு பகுதியை மட்டும் வாசித்துப் பார்ப்போம். அடுத்த வாரமும் சொன்ன நேரத்துக்கு வருகிறவரே நம் கூட்டாளி.