கொள்ளைநோய்க் கட்டுப்பாடும் தொழிலாளர் உறைவிடமும்

கொள்ளைநோய்க் கட்டுப்பாடுகளில் ஒரு நாடு மற்றொரு நாட்டிடம் கற்க வேண்டியவை எவை எனும்போது, எல்லைகளை எப்போது மூடுவது, முடக்கத்தை எத்தனை நாள் நீடிப்பது என்பனவே பெரிதும் பேசப்படுகின்றன. அக்கட்டுப்பாடு எத்தகைய வாழ்நிலையில் உள்ளோர்மீது விதிக்கப்படுகிறது என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. சிங்கப்பூரிலும் அதன் அயல்நாடான மலேசியாவிலும் 2020இல் நிகழ்ந்தவை இவ்வினாவின் முக்கியத்துவத்தை உணர்த்துவன.

சிங்கப்பூர் அரசு 2020 ஏப்பிரல் 7 முதல் யூன் 1 வரை நாடு தழுவிய கட்டுப்பாடுகளை விதித்தது. தொற்றுத் தொடர்புகளைத் தேடிக் கண்டறியும் அதன் முறை தொடக்கத்தில் உலகெங்கும் பாராட்டப்பெற்றது. ஆயின், அம்முறையால் ஈடுசெய்ய முடியாத நெருக்கத்தில் ஏறத்தாழ மூன்று இலட்சம் புலம்பெயர் தொழிலாளர் விடுதிகளில் வாழ்ந்தனர். கட்டட வேலையிலும் கப்பல் கட்டும் துறையிலும் உழைத்த அவர்களுட் பெரும்பாலோர் வங்காளதேசத்தவரும், தமிழ்நாட்டவர் உள்ளிட்ட இந்தியருமாவர். பன்னிருவருக்கு மேற்பட்டோர் ஓர் அறையில் உறங்கும் நிலையில் இடைவெளி பேணுமாறு கூறும் அறிவுரை பொருளற்றது. அவ்வாண்டு திசெம்பரில் வெளியான அரசாங்கக் கணக்கின்படி, விடுதிவாசிகளுள் 47 சதவீதமானோர் தொற்றுக்குள்ளாகியிருந்தனர்.

அன்றாட அறிக்கையின் சொல்லாட்சியும் கவனிக்கத்தக்கது. அது நோயாளரைச் 'சமூகத்தினர்' எனவும் 'விடுதியினர்' எனவும் பகுத்தது. நோயியல் நோக்கில் இதற்கு நியாயமுண்டு. எனினும், நகரைக் கட்டியெழுப்புவோர் அதன் சமூகத்தினுள் அடங்காதோர் என்னும் உண்மையையும் அது வெளிப்படுத்திவிட்டது. பொதுமக்களுக்குக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னரும், விரும்பியவாறு வெளியே செல்லும் உரிமையை விடுதியினர் 2021இலும் பெற்றிலர்.

மலேசியா 2020 மார்ச்சு 18இலேயே நடமாட்டக் கட்டுப்பாட்டை விதித்திருந்தது. சிங்கப்பூர் விடுதிகளின் நிலை ஏப்பிரலில் அயலார் அனைவரும் அறிந்ததாயிற்று. இருந்தும், மே மாதத்திற் கோலாலம்பூரில் ஆவணமற்ற குடியேறிகள் கைதுசெய்யப்பட்டனர். கைதுக்கு அஞ்சுவோர் பரிசோதனைக்கு முன்வருவாரல்லர். நவெம்பரிற் கிள்ளான் பகுதியில், மருத்துவக் கையுறை செய்யும் தொழிலாளரிடையே ஆயிரக்கணக்கிற் தொற்றுக் கண்டறியப்பட்டது. உலகின் கைகளுக்குப் பாதுகாப்பளித்தோர் தாம் பாதுகாப்பற்றிருந்தனர். அதற்கு முந்திய மாதத்தில் இலங்கையின் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் நோயுற்றமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

உறைவிடச் செலவைக் குறைப்பதால் வரும் ஆதாயம் முதலாளிக்குரியது. நெருக்கத்தால் விளையும் நோயின் சுமையோ சமூகம் முழுவதற்கும் உரியதாகிறது. புதிய விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிருவருக்கு மேற்படலாகாது எனச் சிங்கப்பூர் 2021 செத்தெம்பரில் அறிவித்தமை இவ்வுண்மையைக் காலந்தாழ்த்தி ஏற்றுக்கொண்டதேயாகும். அயல்நாடுகள் கற்கவேண்டியது முடக்க நாட்களின் எண்ணிக்கையையன்று. உறைவிடச் சட்டம், தனிமைப்படுத்தற் காலத்து ஊதியம், அச்சமின்றிச் சிகிச்சை பெறும் உரிமை ஆகியன கொள்ளைநோய்க்கு முன்னரே நிலைநாட்டப்பட வேண்டியவை என்பதனையே அவை கற்க வேண்டும்.