செங்கல்பட்டும் அதன் கலெக்டர் கச்சேரியும்

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டின் 37ஆவது மாவட்டமாகச் செங்கல்பட்டு உருவானபோது, அது ஒரு புதிய மாவட்டமாகவே பேசப்பட்டது. உண்மையில் அந்தப் பெயருடைய மாவட்டம் ஆங்கிலேயர் காலத்திலேயே ஏற்பட்டு, சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்து, 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிக்கப்பட்டபோதுதான் மறைந்தது. அதைவிட விந்தையானது, மக்கள் கலெக்டர் கச்சேரி என்றழைத்த மாவட்டத் தலைமை அலுவலகத்தின் கதை. 1793 முதல் 1825 வரை மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள கருங்குழியிலும், அடுத்த பத்தாண்டுகள் காஞ்சிபுரத்திலும், மீண்டும் 1859 வரை கருங்குழியிலும், அதன்பின் 1968 வரை சைதாப்பேட்டையிலும், பிறகு மறுபடியும் காஞ்சிபுரத்திலும் இருந்த அந்தத் தலைமையிடம், மாவட்டத்துக்குப் பெயர் தந்த ஊருக்கு 2019இல்தான் வந்து சேர்ந்தது.

வடக்கே சென்னை, தெற்கே விழுப்புரம், மேற்கே காஞ்சிபுரமும் திருவண்ணாமலையும், கிழக்கே வங்கக்கடல் என எல்லைகள் கொண்ட இந்நிலத்தின் பெரிய ஆறு பாலாறு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வயலூர் அருகே கடலில் கலக்கும் அந்த ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பதால், வேளாண்மை ஏரிகளையே நம்பியிருந்தது. ஏரி என்பது இங்கே பள்ளம் தோண்டி உண்டாக்கிய குளமன்று. சரிவான நிலத்தின் குறுக்கே பிறை வடிவில் கரை எழுப்பி, வடகிழக்குப் பருவமழை நீரைத் தேக்கி, மதகு வழியே வயலுக்கு விடும் அமைப்பு அது. நிரம்பிய ஏரியின் மிகுநீர் கலங்கல் எனப்படும் வடிகால் வழியே கீழேயுள்ள ஏரிக்குச் செல்லுமாறு அவை தொடராக அமைக்கப்பட்டிருந்தமையால், ஓர் ஊரின் கரை உடைந்தால் அடுத்த ஊரும் பாதிக்கப்பட்டது. எனவே இங்கே ஆட்சி என்பது முதலில் தண்ணீரைப் பற்றியதாகவே இருந்தது எனலாம். ஆமூர்க் கோட்டம், களத்தூர்க் கோட்டம் என்று கல்வெட்டுகள் குறிப்பிடும் தொண்டை மண்டலத்தின் பழைய நிலப்பிரிவுகளும் இப்பகுதியைச் சேர்ந்தவையே. மாமல்லபுரம் ஆமூர்க் கோட்டத்தில் அடங்கியிருந்தது.

1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாயை அனுபவிக்கும் உரிமையோடு, கொடுத்தார். கம்பெனியோ அதைச் சில காலம் நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. 1767க்கும் 1774க்கும் இடையில் தாமஸ் பர்னார்ட் ஊர் ஊராக எடுத்த கணக்கு, கம்பெனியாட்சி வேரூன்றுவதற்கு முந்தைய கிராம வாழ்வை அறிய இன்றும் உதவுகிறது. 1790களில் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரிக்கரையைச் செப்பனிட்டதும், வேடந்தாங்கல் பறவைகளைச் சுடக்கூடாதென்ற ஊராரின் வேண்டுகோளை ஏற்றதும் அறியப்பட்டவை. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பது அவ்வூராரின் கணக்கு. ஆனால் மதுராந்தகத்தில் கரையைக் காத்த பெருமை பிளேஸைவிட அவ்வூர்க் கோயிலின் ஏரி காத்த ராமருக்கே உரியதாயிற்று. கலெக்டரே அத்தெய்வத்தைக் கண்டதாகத் தலபுராணம் கூறுவதால், அதில் அவருக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

நிலமோ மிராசுதார்கள் எனப்பட்ட பரம்பரை உரிமையாளர்களின் கையில் இருந்தது. உழுதவர்களில் பெரும்பகுதியினரான பறையர் மக்களுக்குக் குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை. 1891இல் கலெக்டர் டிரெமென்ஹீர் இந்நிலையை விரிவான அறிக்கையாக எழுதியதன் பயனாக, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலம் வழங்க அரசு ஆணையிட்டது. பிற சாதியினருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட அந்நிலங்களே பஞ்சமி நிலங்கள். ஆணை இருந்தும் அவற்றில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. காரணை என்ற ஊரில் அவற்றை மீட்கக் கோரிய போராட்டத்தையொட்டி 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். இம்மாவட்டத்தின் ஆட்சி வரலாற்றில் மிகச் சிறந்த ஆவணமும் மிகக் கசப்பான நிகழ்வும் ஒரே நிலச் சிக்கலிலிருந்து பிறந்தவை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இருளர் வரலாறு வேறு வகையானது. வயல் எலி பிடித்தும் பாம்புத்தோல் விற்றும் வாழ்ந்த இப்பழங்குடியினருக்கு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து தோல் வணிகம் இல்லாமற் போயிற்று. 1978இல் அமைந்த அவர்களது கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து, நஞ்சுமுறி மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு விற்று, பாம்புகளைத் திரும்பக் காட்டில் விடுகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இன்றைய மாவட்டத்தில் எட்டு வட்டங்களும் எட்டு ஊராட்சி ஒன்றியங்களும் உள்ளன. வடக்கே பல்லாவரம், பம்மல் உள்ளிட்ட ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆயின. அங்கே கேட்கப்படுவது பாதாளச் சாக்கடையும் சாலையும். தெற்கே செய்யூர், மதுராந்தகம் வட்டங்களில் கேட்கப்படுவது ஏரி தூர்வாரலும் நெல் கொள்முதல் நிலையமும். கடலோரத்தில், 1984 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக விளங்கும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சிறிது தொலைவிலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம் இயங்குகிறது. பல்லவர் கற்கோயிலுக்கான பாதுகாப்பு விதிகளும், அணு உலைக்கான பாதுகாப்பு ஏற்பாடுகளும், மீனவர் குப்பங்களின் கோரிக்கைகளும் ஒரே ஆட்சியரின் மேசைக்கு வருகின்றன.