சட்டப் படிப்பு: அஞ்சு வருஷமா, மூணு வருஷமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நேரம், அதனால இந்த வாரம் சட்டப் படிப்பு. ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க: "பொண்ணு பி.ஏ. எல்.எல்.பி. சேரணும்ங்கிறா. அஞ்சு வருஷம் தாங்குமான்னு தெரியல. முடியலைன்னா மூணாவது வருஷம் பி.ஏ.வை வாங்கிட்டு வந்துடலாம்தானே?"

வர முடியாதும்மா. இதைச் சேர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும்.

இந்தியாவில் வழக்கறிஞர் ஆக இரண்டு வழி. பிளஸ் டூ முடித்து அஞ்சு வருஷ ஒருங்கிணைந்த படிப்பு. அல்லது ஏதாவது ஒரு பட்டம் வாங்கிய பிறகு மூணு வருஷ எல்.எல்.பி. அஞ்சு வருஷத்தில் இரண்டு பட்டம் சேர்ந்து வரும். நம்ம ஊர் அரசு சட்டக் கல்லூரிகளில் பி.ஏ. எல்.எல்.பி.; சென்னையில் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. சேர்ந்த ஹானர்ஸ் படிப்புகளும் உண்டு.

பேர்ல இரண்டு பட்டம் இருக்கறதால பிரிச்சு வாங்கலாம்னு தோணும். ஆனால் பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில் 13-வது விதி அதை நேராகவே தடுக்கிறது. நடுவில் நின்றால் கையில் இருப்பது பிளஸ் டூ மட்டும்தான். பட்டதாரி ஒருத்தர் நேரா மூணாவது வருஷத்தில் நுழையவும் முடியாது.

அதனால பணமோ வீட்டுச் சூழ்நிலையோ உறுதியில்லைன்னா, முதலில் ஒரு பி.ஏ. அல்லது பி.காம். முடித்துவிட்டு எல்.எல்.பி. போவதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன். மொத்தம் ஆறு வருஷம், ஒரு வருஷம் கூடுதல். ஆனா மூணாவது வருஷமே ஒரு பட்டம் கையில் இருக்கும். உறுதியா படிக்க முடியும்னா, அஞ்சு வருஷப் படிப்பே லாபம்.

மதிப்பெண்: இரண்டு வழிக்கும் பார் கவுன்சில் குறைந்தபட்சம் பொதுப் பிரிவுக்கு 45, ஓ.பி.சி.க்கு 42, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம். இடம் கிடைக்க இதைவிட நிறைய வேணும், அது வேற கதை. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் நுழைவுத் தேர்வு எழுதணும்.

ஒரு சிக்கல் நம்ம ஊர்ல நிறைய பேரைக் கவுத்திருக்கு. பிளஸ் டூ படிக்காமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரா பட்டம் வாங்கியிருந்தால், எல்.எல்.பி.க்கு அது செல்லாது. முறையாப் பிளஸ் டூ முடித்து, பட்டத்தை அஞ்சல் வழியில் படித்திருந்தால் தப்பில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

சேர்ந்த பிறகு? விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை. நாலு செய்முறைத் தாள் கட்டாயம்: மனு, பத்திரம் எழுதுவது, தொழில் நெறி, சமரசம், நடுவர் மாதிரியான மாற்று வழிகள், மாதிரி நீதிமன்றம். இந்தக் கடைசித் தாளுக்காக ஒரு சிவில், ஒரு கிரிமினல் வழக்கு விசாரணையை கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்துப் பதிவு எழுதணும்.

இன்டர்ன்ஷிப் மூணு வருஷப் படிப்புக்கு 12 வாரம், அஞ்சு வருஷத்துக்கு 20 வாரம். ஒரு வருஷத்தில் தொடர்ச்சியா நாலு வாரத்துக்கு மேல் கூடாது என்பதால், கடைசியில் ஒரே மூச்சில் முடிக்கலாம்னு தள்ளிப் போட்டா மாட்டிக்குவீங்க. வெறும் கையெழுத்து வாங்கி ஒப்பேத்துறவங்களும் இருக்காங்க. முதல் வாய்தாவிலேயே அது தெரிஞ்சுடும்.

பட்டம் வாங்கியதும், பார் கவுன்சிலில் பதிவு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய்; அதுக்கு மேல கேட்கக் கூடாது. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு. குறிப்பு எதுவும் இல்லாத வெறும் சட்டப் புத்தகத்தை உள்ளே எடுத்துப் போகலாம். ஆனா எந்தப் பிரிவு எங்கே இருக்குன்னு தெரியாதவங்களுக்கு, அந்தப் புத்தகத்தைப் புரட்டவே நேரம் போயிடும்.